பேசிய கூலி

ஹலாலான சம்பாத்தியம் என்றதும் நம்மவர்களுக்கு உடனே நினைவுக்கு வருபவை வட்டி, கலப்படம், லஞ்சம் ஆகியவையே. இவற்றை விலக்க வேண்டும் என்பதை ஜும்ஆ மேடைகளில் நாம் நிறையவே கேட்டிருக்கிறோம். ஆனால் நம் வீட்டு வாசலில் தினந்தோறும் நடக்கின்ற ஒரு கொடுக்கல் வாங்கலைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதுதான் கூலி. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும், துணி தைப்பவருக்கும், பாத்திரம் விளக்க வருகின்ற பெண்ணுக்கும் நாம் கொடுக்கின்ற பணம். அல்லது நாமே ஒருவரிடம் உழைத்து வாங்குகின்ற பணம். இதற்கும் நம்முடைய மார்க்கத்தில் சட்டம் உண்டு. தொழுகைக்கும் நோன்பிற்கும் பாடம் வைத்திருப்பதைப் போலவே பிக்ஹு நூல்களில் இதற்கென்று ‘இஜாரா’ என்ற தனிப் பாடமே இருக்கிறது. அதில் மிகவும் அவசியமான சிலவற்றை இம்மாதம் பார்ப்போம்.

சட்டம் பேசுவதற்கு முன் அது நடைமுறைக்கு வருகின்ற மண்ணையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெரம்பலூர், அரியலூர் பகுதிகளையே எடுத்துக் கொள்வோம். ஒரு காலத்தில் திருச்சி ஜில்லாவின் தாலுகாக்களாக இருந்த இவற்றில் பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் திரும்பவும் தனி மாவட்டமாயிற்று. மாவட்டங்கள் மாறினாலும் ஜனங்களின் ஜீவனம் பெரிதாக மாறிவிடவில்லை. பெரம்பலூர்ப் பக்கம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. பருத்தி, மக்காச்சோளம், செட்டிகுளம் வட்டாரத்துச் சின்ன வெங்காயம் இவைதான் கூலி வேலைக்கு ஆதாரம். களை எடுப்பு, பருத்தி எடுப்பு, கதிர் ஒடிப்பு, வெங்காயத்தைத் தாள் அறுத்துப் பட்டறையில் அடைப்பு என்று பருவத்திற்குப் பருவம் வேலை மாறும். செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் போனால் முந்திரிக் காடுகள்.

அரியலூரின் கதை வேறு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலுக்குள் கிடந்த நிலம் அது. அங்கே மண்ணைத் தோண்டினால் சிப்பியும் சங்கும் கல்லாகிக் கிடைக்கின்றன. அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான் சிமெண்ட் ஆலைகள் வந்தன. தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் அரியலூர் ஆலை 1979இல் தொடங்கியது. கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம், தளவாய், கீழப்பழுவூர் என்று தனியார் ஆலைகளும் எழும்பின. மனிதன் பிறப்பதற்கு எத்தனையோ யுகங்களுக்கு முன்பே அவனுடைய ரிஜ்கை அல்லாஹ் மண்ணுக்குள் வைத்து மூடியிருந்தான் என்று எண்ணும்போது மெய் சிலிர்க்கிறது. சுரங்கத்திலும், லாரியிலும், மூட்டை ஏற்றுகின்ற இடத்திலும் ஆயிரமாயிரம் பேர் அன்றாடக் கூலிக்கு உழைக்கிறார்கள்.

வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் முதலிய நம்மவர்கள் நிறைந்து வாழ்கின்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் அநேகர். அவர்கள் அனுப்பிய பணத்தால் வீடுகள் எழும்பியிருக்கின்றன, குமர்கள் கரையேறியிருக்கின்றார்கள். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அதனோடு சேர்ந்து ஒரு வியாதியும் வந்துவிட்டது. விசா வரும் வரையில் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம், உள்ளூரில் கூலிக்குப் போனால் மட்டும் கௌரவம் போய்விடும் என்று சில வாலிபர்கள் நினைக்கிறார்கள். அங்கே போய் இதே செங்கல்லையும் சிமெண்டையும்தான் சுமக்கப் போகிறார்கள் என்பதை அவர்களும் அறிவார்கள், அவர்களுடைய தாயாரும் அறிவார்கள்! கடல் கடந்து சுமந்தால் கண்ணியம், அரியலூரில் சுமந்தால் அவமானம் என்பது எந்த ஊர் நியாயம்?

நபிமார்களின் வரலாற்றில் இப்படிப்பட்ட வெட்கத்தை நாம் காண முடியாது. தாவூத் (அலை) அவர்கள் ஆட்சி புரிந்தவர்கள்; ஆயினும் தம் கையால் உழைத்ததிலிருந்தே உண்டார்கள். அவர்களுக்கு இரும்பு மிருதுவாக்கப்பட்டதையும் போர்க் கவசம் செய்யுமாறு பணிக்கப்பட்டதையும் ஸபா அத்தியாயம் சொல்கிறது. ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள். நம் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துகள் கூலிக்கு மேய்த்ததாகத் தாமே சொல்லியிருப்பது புகாரியில் பதிவாகியிருக்கிறது. கீராத் என்பது மிகச் சிறிய நாணயம். அந்தச் சொற்பக் கூலியைச் சொல்வதற்கு அகிலத்தின் அருட்கொடை வெட்கப்படவில்லை.

யாசகம் கேட்டு வந்த அன்சாரித் தோழர் ஒருவரின் சம்பவத்தை நம்மில் பலர் அறிந்திருக்கலாம். வீட்டில் இருந்த முரட்டு விரிப்பையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் கொண்டுவரச் செய்து, அவற்றை நாயகம் (ஸல்) அவர்கள் இரண்டு திர்ஹத்திற்கு ஏலம் விட்டார்கள். ஒன்றில் குடும்பத்திற்கு உணவு, மற்றொன்றில் கோடரி. அந்தக் கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாட்களுக்குத் தம்மை வந்து பார்க்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது அவரிடம் பத்து திர்ஹம் இருந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது என்னவெனில், அவருக்குப் பத்து திர்ஹத்தைக் கையில் கொடுத்து அனுப்புவது எளிது. அப்படிச் செய்யாமல் காம்பு போட்டுக் கொடுத்தார்கள்.

ஆக, குறைந்த கூலியில் கண்ணியக் குறைவு இல்லை. அப்படியானால் கண்ணியம் எங்கே போகிறது? கூலி பேசாத இடத்தில் போகிறது. இதுதான் நாம் சொல்ல வந்த விஷயம்.

“வேலையைப் பாருங்கள், பார்த்துத் தருகிறேன்” என்று வேலை கொடுப்பவர் சொல்கிறார். “நீங்கள் பார்த்துப் போட்டுக் கொடுங்கள், உங்களிடம் நான் என்ன கேட்பது” என்று வேலை செய்பவர் சொல்கிறார். கேட்பதற்கு இது மிகவும் பெருந்தன்மையான பேச்சாகத் தோன்றும். மாலையில் பணத்தை எண்ணிக் கையில் வைக்கும்போதுதான் அதன் வேஷம் கலைகிறது. கொடுத்தவருக்கு அதிகம் கொடுத்துவிட்டோமோ என்ற எண்ணம். வாங்கியவருக்கு மனம் நிறையவில்லை, வாய் திறக்கவும் முடியவில்லை. அவர் வீட்டில் அந்த நூறு ரூபாய்க் குறைவு அரிசியிலோ, பிள்ளையின் மருந்திலோ போய் நிற்கும்.

கூலி இன்னதென்று தெரிவிக்காமல் ஆளை வேலைக்கு அமர்த்துவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூ ஸஈத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்னது அஹ்மதில் வருகிறது. இதனை ஆதாரமாகக் கொண்டு செய்ய வேண்டிய வேலையும் கொடுக்க வேண்டிய கூலியும் இரு தரப்பாருக்கும் தெரிந்திருப்பது இஜாராவின் நிபந்தனை என்று ஹனபி, ஷாபி ஆகிய இரு மத்ஹபுகளின் சட்ட நூல்களும் எழுதுகின்றன.

மூஸா (அலை) அவர்கள் மத்யனில் வேலைக்கு அமர்ந்த வரலாற்றைக் கஸஸ் அத்தியாயத்தில் ஓதிப் பாருங்கள். பசியோடும் களைப்போடும் வந்தவர்கள், இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு நிழலில் ஒதுங்கினார்கள். கூலி கேட்கவில்லை. ஆயினும் அப்பெண்களின் தந்தை மகளை அனுப்பி, தண்ணீர் இறைத்ததற்குக் கூலி தருவதற்காக அழைத்துவரச் சொன்னார். கேட்காதவருக்கும் தேடிப் பிடித்துக் கொடுப்பது பெரியவர்களின் இயல்பு. அதன் பின்னர் ஒரு மகள், இவரை வேலைக்கு வைத்துக் கொள்ளலாம், வலிமையும் நம்பிக்கையும் உள்ளவர் என்று யோசனை சொன்னார். பெரியவர் அப்போது, இருந்துகொள் தம்பி, பார்த்துச் செய்கிறேன் என்று சொல்லவில்லை! எட்டு வருஷம் என்று தவணை சொன்னார். பத்தாக்கினால் அது உம்முடைய விருப்பம், உம்மைச் சிரமப்படுத்த நான் நாடவில்லை என்றார். பிரதிபலனையும் அங்கேயே சொன்னார். மூஸா (அலை) அவர்களும் இரண்டில் எதை முடித்தாலும் அதற்கு மேல் தம் மீது வற்புறுத்தல் கூடாது என்று உறுதி செய்து கொண்டு, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். ஒரு புறம் நபியாகப் போகிறவர். மறு புறம் நல்லடியாரான ஒரு முதியவர். அவர்களுக்கிடையிலேயே இவ்வளவு தெளிவான பேச்சு தேவைப்பட்டிருக்கும்போது நாம் எம்மாத்திரம்?

பேசாமல் வேலை முடிந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி எழும். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் இதே மஸ்அலாவை எடுத்துக் கொள்கிறார்கள். ஒருவர் தையல்காரரிடம் துணியைக் கொடுக்கிறார்; இருவருமே கூலியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை; அவர் தைத்துவிட்டார். மத்ஹபின் பிரதானச் சொல்லின்படி அவருக்குக் கூலி இல்லை. அந்த வேலையைக் கூலிக்குச் செய்பவர் என்று அறியப்பட்டவராயின் கூலி உண்டு என்பது மற்றொரு சொல். அதை நல்லதாகக் கருதுவதும் உண்டு என்கிறார்கள். ‘பார்த்துத் தருகிறேன்’, ‘திருப்திப்படுத்துகிறேன்’ என்று வேலை கொடுத்தவர் வாயால் சொல்லியிருந்தாலோ பேச்சே மாறிவிடும். அப்போது அவ்வூரில் அவ்வேலைக்கு வழக்கமாக உள்ள கூலி, அதாவது ‘உஜ்ரத்துல் மிஸ்ல்’, அவர் மீது கடமையாகிவிடுகிறது. தாம் நினைத்ததைக் கொடுத்துவிட்டு நழுவுவதற்கு வழியில்லை. வழக்கமான கூலிக்குக் குறைந்ததெல்லாம் அவர் தலையில் கடன்.

பருத்தி எடுப்பைப் போன்று எடைக்குக் கூலி பேசுகின்ற வேலைகளில் மாலை வரையில் மொத்தம் எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. அது பரவாயில்லை, கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கு தெரிந்திருந்தால் போதும். அலீ (ரலி) அவர்கள் பசியோடு மதீனாவின் தோட்டமொன்றில் வாளிக்கு ஒரு பேரீத்தம்பழம் என்று பேசித் தண்ணீர் இறைத்ததாகத் திர்மிதியில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. ஆனால் எடைக்குக் கூலி பேசினால் எடை நேராக இருக்க வேண்டும். தராசு தோட்டக்காரருடையது, முள்ளைப் பார்ப்பவரும் அவரே. முதஃப்பிஃபீன் அத்தியாயத்தின் எச்சரிக்கை மளிகைக் கடைக்கு மட்டும் இறங்கியதன்று. அதே போன்று, எடை கூடுவதற்காகப் பருத்தியில் தண்ணீர் தெளிப்பதும், சருகைச் சேர்த்து மூட்டை கட்டுவதும் எடுப்பவருக்கு ஹராமே. தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதை முஸ்லிம் ஷரீபில் காணலாம்.

நாள் கூலிக்கு வருபவரின் சட்டம் இதிலிருந்து வேறுபடுகிறது. அவர் விற்பது தம் நேரத்தை. ஹனபி நூல்களில் இவரை ‘அஜீர் காஸ்’ என்பார்கள். குறித்த நேரத்தில் வந்து, வேலைக்குத் தயாராக நின்றுவிட்டால் அவர் கூலிக்கு உரியவராகிவிடுகிறார். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? காலை எட்டு மணிக்குக் கொத்தனாரும் சித்தாளும் வந்து நிற்கிறார்கள். சிமெண்ட் மூட்டை வரவில்லை. மணல் லாரி வரவில்லை. பதினொரு மணி வரையில் உட்கார வைத்துவிட்டு, இன்றைக்கு வேலை இல்லை, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறோம். அன்றைக்கு அவர்கள் வேறு எங்கும் போக முடியாது. மூட்டை வராதது நம்முடைய பொறுப்பு. அதற்கு அபராதம் கட்டுவது அந்தச் சித்தாளின் அடுப்பு.

நேரத்தை விற்றவர், அதைத் திருடுவதும் கூடாது. மேஸ்திரி தலை மறைந்ததும் கரண்டியைக் கீழே வைப்பவரும், வருகைப் பதிவில் பெயர் விழுந்ததும் மரத்தடிக்குப் போய்விடுபவரும் வாங்குகின்ற கூலியில் ஒரு பகுதி அவர்களுடையது அன்று.

தொழுகையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பர்ளான தொழுகைக்கும் அதற்கு வேண்டிய ஒளுவுக்கும் ஆகின்ற நேரம் ஒப்பந்தத்திலிருந்து தானாகவே விலக்கப்பட்டது. அதற்காகக் கூலியில் பிடிக்க முடியாது. முதலாளி முஸ்லிமல்லாதவராக இருந்தால், வேலை பேசும்போதே ளுஹருக்கும் அஸருக்கும் பத்துப் பத்து நிமிஷம் வேண்டும் என்று பணிவாகச் சொல்லிவிடுவது நல்லது. ஒழுங்காக வேலை செய்பவருக்கு மறுப்பவர்கள் குறைவு. ஆனால் தொழப் போகிறேன் என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் கழித்துத் தேநீர்க் கடை வழியாகத் திரும்பி வருபவர், தம் மார்க்கத்திற்கே கெட்ட பெயர் தேடித் தருகிறார். ரமளானில் சுண்ணாம்புச் சுரங்கத்திலும் வெயிலிலும் உழைப்பவர், நம்மால் முடியாது என்று முதல் நாளே நோன்பை விட்டுவிடுவது கூடாது. இரவில் நிய்யத் வைத்து, நோன்பாளியாகவே காலையைத் தொடங்க வேண்டும். உடலுக்குக் கேடு வரும் என்று அஞ்சுகின்ற அளவுக்குச் சிரமம் முற்றினால் அப்போது விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்ய வேண்டும்.

இனி, கொடுப்பதில் தாமதம். வியர்வை காய்வதற்கு முன் கூலியைக் கொடுக்கும்படி வந்துள்ள நபிமொழி இப்னு மாஜாவில் இருக்கிறது. இதை அறியாத முஸ்லிம் இல்லை. சுவரில் எழுதி மாட்டியிருக்கிற கடைகளும் உண்டு. அந்தக் கடையிலேயே பையனுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நிற்பதும் உண்டு. வேலையை முழுமையாக வாங்கிக் கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவித்திருப்பது புகாரியில் வருகிறது. நாட்டின் சட்டங்களும் இதைக் கவனிக்காமல் இல்லை. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் சம்பளம் இத்தனை நாளுக்குள் தரப்பட வேண்டும் என்று கெடு வைத்தது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் ஆலை நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்றது. 2005இல் சட்டமாகி, 2008க்குள் எல்லா மாவட்டங்களுக்கும் வந்த நூறு நாள் வேலைத் திட்டத்திலும் பதினைந்து நாட்களுக்குள் கூலி என்று எழுதி வைத்தார்கள். சட்டம் நாட்களை எண்ணுகிறது. நாயகம் (ஸல்) அவர்களின் அளவுகோலோ வியர்வை.

நம்மவர்களிடத்தில் தாமதம் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் வருவதன்று. சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ பணம் வர வேண்டும். வந்ததும் கொடுத்துவிடலாம் என்று வீட்டுப் பெண்கள் சொல்கிறார்கள். உண்மையாகவே சொல்கிறார்கள். ஆனால் மார்பிள் கடைக்காரர் பணம் வாங்காமல் கல்லை இறக்குவதில்லை. எலெக்ட்ரிக் கடைக்காரரும் அப்படித்தான். காத்திருக்கச் சொன்னால் காத்திருப்பவர் கூலியாள் ஒருவரே என்பதால் அவரைக் காத்திருக்க வைக்கிறோம். கையில் இருக்கின்ற பணத்தைக் கணக்குப் போட்டு, இத்தனை நாள் கூலிக்கு மட்டும் இருக்கிறது என்று தெரிந்தால் அத்தனை நாள் வேலையோடு நிறுத்திக் கொள்ள வேண்டும். சுவர் பாதியில் நிற்பதால் மறுமையில் கேள்வி இல்லை. அப்படி நிறுத்த முடியாத சந்தர்ப்பமாக இருந்தால் வேலைக்கு முன்பே, கூலி இன்ன தேதியில்தான் கிடைக்கும் என்று சொல்லி அவருடைய சம்மதத்தைப் பெற வேண்டும்.

கூலியை வாங்காமலே ஒருவர் போய்விட்டால்? குகையில் அடைபட்ட மூவரில் ஒருவரின் கதை புகாரியில் இருக்கிறது. ஓர் ஆள் தன் கூலியை விட்டுவிட்டுப் போய்விட்டான். முதலாளி அதை ஒதுக்கி வைத்து, பெருக்கி, பல காலம் கழித்து அவன் திரும்பி வந்து கேட்டபோது, அதிலிருந்து பெருகிய கால்நடைகள் அனைத்தையும் ஓட்டிப் போகச் சொன்னார். அந்த ஆளுக்கே நம்பிக்கை வரவில்லை; கேலி செய்யாதீர் என்றானாம்! அவ்வளவு கொடுப்பது நம் மீது கடமை இல்லை. அது மேலான குணம். ஆனால் அவருடைய கூலித் தொகையைத் தனியே வைத்து ஆளைத் தேடுவது கடமை. அவர் இறந்துவிட்டால் வாரிசுகளுக்குச் சேர்க்க வேண்டும். எவ்வளவு தேடியும் எவரும் அகப்படாவிட்டால் அவர் பெயரால் ஸதகா கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. கொடுக்கப்படாத கூலி மையித்தின் மீதுள்ள கடன்களில் சேரும். கபன், அடக்கச் செலவுக்குப் பின், வஸிய்யத்துக்கும் பாகப் பிரிவினைக்கும் முன்னர் அதைத் தீர்க்க வேண்டும். ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகன் எழுந்து நின்று, என் வாப்பா யாருக்காவது பணம் தர வேண்டியிருந்தால் என்னிடம் வந்து கேளுங்கள் என்று அறிவிப்பது நம் ஊர்களில் வழக்கம். கடைக்காரர்கள் அதைக் கேட்கிறார்கள், வந்து வாங்கிக் கொள்கிறார்கள். வீடு கட்டிய கொத்தனாரும், தண்ணீர் சுமந்த சித்தாளும், கொல்லையில் வெங்காயத் தாள் அறுத்த பெண்களும் அந்த ஸஃப்பில் நிற்பதில்லை. அநேகர் மாற்று மதத்தவர்கள், அந்த நேரத்தில் வேறொரு கொல்லையில் குனிந்து நிற்பார்கள். ஆகவே வாரிசுகள்தான் வாப்பாவின் கணக்கு நோட்டை எடுத்துக் கொண்டு அவர்கள் வீட்டுக்கு நடந்து போய்க் கேட்க வேண்டும்.